சுருள்வில்லை எவ்வளவு இழுத்துவிட்டாலும் அலைவு நேரம் ஏன் மாறுவதில்லை?

கேள்வியில் மூன்று சந்தேகங்கள் இருக்கின்றன. சுருள்வில்லில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு 2 சென்டிமீட்டர் இழுத்துவிட்டாலும் 6 சென்டிமீட்டர் இழுத்துவிட்டாலும் ஓர் அலைவுக்கு ஒரே நேரம்தான் ஆகிறது. போகவேண்டிய தூரம் மூன்று மடங்கு ஆனபிறகும் நேரம் ஏன் கூடவில்லை? இரண்டாவது, கல் செங்குத்தாகத் தொங்குகிறது, புவி அதைக் கீழே இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. பிறகு அலைவு நேரச் சூத்திரத்தில் புவியீர்ப்பு முடுக்கம் எங்கே போயிற்று? மூன்றாவது, வில்லைப் பாதியாக வெட்டினால் அதன் சுருள்மாறிலி (வில்லை ஒரு மீட்டர் நீட்ட எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்ற எண்) பாதியாகாமல் இரு மடங்காவது ஏன்?

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். விசைக்கும் நீட்சிக்கும் வரைபடம் போட்டால் கிடைக்கிற நேர்கோடு. இந்த நேர்கோட்டு விசையால் நடக்கும் அலைவைத் தனிச்சீரிசை இயக்கம் என்பார்கள்; அதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்தச் சந்தேகங்கள் தீரவே தீராது. அந்தக் கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டால் ஒவ்வொன்றாகத் தானே அவிழும்.

ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1676-ல் இந்த நேர்கோட்டு விதியை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஒரு லத்தீன் வாக்கியத்தின் எழுத்துகளைப் பிரித்து அகரவரிசையில் அடுக்கிப் புதிராக அச்சிட்டுவைத்தார். முதலில் கண்டது தான்தான் என்பதற்குச் சான்று வேண்டும், ஆனால் வேறு யாரும் அதை எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. அன்றைய அறிஞர்களிடம் இப்படியொரு பழக்கம் இருந்தது. 1678-ல் விடையை அவரே வெளியிட்டார்: நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு. இன்றைய வடிவில் எழுதினால்:

மீள்விசை = − சுருள்மாறிலி × இடப்பெயர்ச்சி

கழித்தல் குறிக்கு ஒரே பொருள்தான். கல் எந்தப் பக்கம் போனாலும் விசை அதற்கு எதிர்ப்பக்கம், சமநிலையை நோக்கி இருக்கும். சுருள்மாறிலி 200 நியூட்டன்/மீட்டர் என்றால், ஒரு சென்டிமீட்டர் நீட்ட 2 நியூட்டன் வேண்டும், இரண்டு சென்டிமீட்டருக்கு 4 நியூட்டன், மூன்றுக்கு 6.

இப்போது முதல் சந்தேகத்துக்கு வருவோம். அதே வில், அதே கல். ஒருமுறை 2 செ.மீ. இழுத்து விடுகிறீர்கள், இன்னொருமுறை 6 செ.மீ. இரண்டாம் முறை தொடக்கத்தில் நீட்சி மூன்று மடங்கு, ஆகவே விசை மூன்று மடங்கு, நிறை மாறவில்லை என்பதால் முடுக்கமும் மூன்று மடங்கு. முதல் நூறில் ஒரு வினாடியில் கல் நகரும் தூரம் மூன்று மடங்காக இருக்கும், அது பெறும் வேகமும் மூன்று மடங்கு. அந்தக் கணத்தின் முடிவில் மீதமிருக்கும் தூரத்தைப் பாருங்கள்: அதுவும் சரியாக மூன்று மடங்கே. எனவே விசை இப்போதும் மூன்று மடங்கு. அடுத்த நூறில் ஒரு வினாடிக்கும் இதே கதை, அதற்கடுத்ததற்கும். இரண்டாவது இயக்கம் முதல் இயக்கத்தின் வீடியோவைப் பெரிய திரையில் போட்டதுபோல ஆகிவிடுகிறது. திரை பெரிதானால் படம் பெரிதாகும், ஓடும் நேரம் கூடாது.

இந்த வாதத்தில் நேர்விகிதம் எங்கே வேலை செய்தது என்பதைக் கவனியுங்கள். நீட்சி மூன்று மடங்கானபோது விசையும் துல்லியமாக மூன்று மடங்கானது. அது 2.9 மடங்காகவோ 3.1 மடங்காகவோ இருந்திருந்தால் வாதம் முதல் அடியிலேயே உடைந்திருக்கும்.

உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் அப்போதுதான் நேர்கோட்டின் அருமை புரிகிறது. தூரம் எவ்வளவானாலும் விசை மாறாமல் இருக்கும் ஓர் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் துள்ளும் பந்து அப்படிப்பட்டது. எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் எடை அதேதான். நான்கு மடங்கு உயரத்திலிருந்து விட்டால் ஒரு துள்ளலுக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும். அங்கே வீச்சு, அதாவது நடுவிலிருந்து விலகிப் போகும் அதிகபட்சத் தூரம், கூடினால் நேரம் கூடும். இதற்கு நேர்மாறாக, விசை இடப்பெயர்ச்சியின் மும்மடியைப் பொறுத்து வளர்கிறது என்று வையுங்கள். வீச்சை இரட்டித்தால் விசை எட்டு மடங்கு எகிறிவிடும், அலைவு நேரம் பாதியாகக் குறையும். பொதுவாக, விசை இடப்பெயர்ச்சியின் எத்தனையாவது அடுக்கோ அந்த எண்ணை ஒன்றிலிருந்து கழித்து, இரண்டால் வகுத்தால் வருவது எதுவோ, வீச்சின் அந்த அடுக்கைப் பொறுத்து அலைவு நேரம் மாறும். அடுக்கு ஒன்று என்றால் கழித்தபின் பூச்சியம். வீச்சு கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறது. ஒருபக்கம் நேரம் கூடும் விதிகள், மறுபக்கம் குறையும் விதிகள். நடுவில் அந்த ஒரே எல்லைக்கோட்டில் ஹூக் விதி நிற்கிறது.

கடிகாரம் செய்பவர்களுக்கு இது எத்தனை பெரிய வரம் என்று சொல்லத் தேவையில்லை. கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்த உடனே தள்ளும் விசை அதிகம், நாள் போகப்போகக் குறையும், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை எண்ணித்தரும் சமன்சக்கரத்தின் வீச்சும் அதோடு சுருங்கும். நேரம் மட்டும் பெரிதாக நழுவாது. டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1675-ல் சமன்சக்கரத்தில் சுருள் கம்பியைச் சேர்த்த கடிகாரத்தை வெளியிட்டபோது, அது முன்பே தன் யோசனை என்று ஹூக் சண்டைக்கு வந்தார். அடுத்த ஆண்டே புதிர் அச்சானதைப் பார்த்தால் அவருடைய எச்சரிக்கைக்குக் காரணம் இருந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

வீச்சு ஏன் சூத்திரத்தில் வரவே முடியாது என்பதற்கு இன்னொரு வாதமும் உண்டு. பாடநூல்கள் இதை ஏன் முதலிலேயே சொல்வதில்லை என்று எனக்குப் புரிவதில்லை. நம் கையில் இருப்பவை மூன்று அளவுகள்: நிறையின் அலகு கிலோகிராம், சுருள்மாறிலியின் அலகு நியூட்டன்/மீட்டர், அதை விரித்தால் கிலோகிராம்/வினாடி², வீச்சின் அலகு மீட்டர். வேண்டிய விடையோ வினாடியில். நிறையைச் சுருள்மாறிலியால் வகுத்தால் வினாடி² வந்துவிடுகிறது, வர்க்கமூலம் எடுத்தால் வினாடி. வீச்சைக் கொண்டுவந்தால் கூடவே மீட்டரும் வரும், அதை வெட்டிவிட வேறெங்கும் மீட்டர் இல்லை. எனவே வீச்சுக்கு இடமே கிடையாது. தனி ஊசலில் நிலைமை வேறு. அங்கே நூலின் நீளம் இருக்கிறது, வீச்சை நீளத்தால் வகுத்து அலகில்லாத எண்ணாக்கிவிடலாம், அந்த வழியாக வீச்சு உள்ளே நுழைந்துவிடும். நுழையவும் செய்கிறது: ஊசலை 20 பாகை சாய்த்து விட்டால் அலைவு நேரம் சுமார் 0.8 சதவீதம் கூடும், 90 பாகை சாய்த்தால் 18 சதவீதம்.

அலகுகளால் சொல்ல முடியாத ஒரே விஷயம் முன்னால் நிற்கும் எண். அது இரண்டு பை, அதாவது ஏறத்தாழ 6.28.

அலைவு நேரம் = 6.28 × √(நிறை ÷ சுருள்மாறிலி)

நேர்கோட்டில் மேலும் கீழும் போகும் கல்லுக்கும் வட்டத்துக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் உண்டு. சீரான வேகத்தில் வட்டமாகச் சுற்றும் ஒரு புள்ளியின் நிழலைப் பக்கச் சுவரில் விழவிட்டுப் பாருங்கள். வட்ட இயக்கத்தில் முடுக்கம் எப்போதும் மையத்தை நோக்கி இருக்கும், அதன் அளவு ஆரத்துக்கு நேர்விகிதம். நிழலுக்கு அதன் ஒரு கூறு மட்டும் கிடைக்கும், அந்தக் கூறு நிழல் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதற்கு நேர்விகிதம். ஹூக் விதி கேட்பதும் அதையேதான். ஒரு சுற்று என்பது இரண்டு பை ரேடியன். அந்த எண் வந்த வழி இதுதான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொள்வோம், பதில் முழுக்க இதையே பயன்படுத்தலாம். கல் 0.5 கிலோகிராம், சுருள்மாறிலி 200 நியூட்டன்/மீட்டர். கோண அதிர்வெண், அதாவது மேலே சொன்ன வட்டப் புள்ளி ஒரு வினாடியில் சுற்றும் கோணம், √(சுருள்மாறிலி ÷ நிறை) = √(200 ÷ 0.5) = 20 ரேடியன்/வினாடி. அலைவு நேரம் 0.314 வினாடி, வினாடிக்கு மூன்றுக்கும் சற்று அதிகமான அலைவுகள். 5 செ.மீ. இழுத்துவிட்டால் நடுவில் வேகம் 0.05 × 20 = 1 மீட்டர்/வினாடி. ஓரத்தில் முடுக்கம் 20 மீட்டர்/வினாடி², புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மொத்த ஆற்றல் 0.25 ஜூல், ஓரத்தில் அது முழுவதும் வில்லில், நடுவில் முழுவதும் கல்லின் இயக்கத்தில்.

இங்கே தேர்வுகளில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஓரத்திலிருந்து நடுவுக்கு வரக் கால்பங்கு அலைவு நேரம் ஆகிறது. அப்படியானால் பாதித் தூரத்துக்கு எட்டில் ஒரு பங்கு என்று கை தானாக எழுதிவிடும். தவறு. ஓரத்தில் கல் நின்ற நிலையிலிருந்து கிளம்புகிறது, ஆகவே முதல் பாதித் தூரத்துக்கு ஆறில் ஒரு பங்கும் மிச்சப் பாதிக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கும் ஆகும். முதல் பாதி இரண்டாம் பாதியைப் போலச் சரியாக இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். ஆற்றலிலும் இதே கோணல்: பாதித் தூரத்தில் நிற்கும்போது வில்லில் கால்பங்கு ஆற்றல்தான் மிச்சம், முக்கால் பங்கு கல்லிடம் போய்விட்டது. இரண்டும் சமமாவது வீச்சின் 0.707 பங்கு தூரத்தில்.

இனி புவியீர்ப்பு. நமது கல்லை மெதுவாகத் தொங்கவிட்டால் எடை 4.9 நியூட்டன், வில் 2.45 செ.மீ. நீண்டு நிற்கும். அதுதான் புதிய சமநிலை. அங்கே வில் மேல்நோக்கி 4.9 நியூட்டன், புவி கீழ்நோக்கி 4.9 நியூட்டன். இப்போது இன்னும் 3 செ.மீ. கீழே இழுங்கள். வில் கூடுதலாக 6 நியூட்டன் இழுக்கும், மொத்தம் 10.9. புவி? அதே 4.9. நிகர விசை மேல்நோக்கி 6 நியூட்டன், அதாவது 200 × 0.03. சமநிலைப் புள்ளியிலிருந்து அளந்தால் புவியீர்ப்பு கணக்கில் தென்படுவதே இல்லை. காரணம் அது மாறாத விசை. நேர்கோட்டோடு ஒரு மாறிலியைக் கூட்டினால் கோடு இடம் பெயரும், சாய்வு மாறாது. அலைவு நேரத்தைத் தீர்மானிப்பது சாய்வு மட்டுமே. ஆற்றலில் எழுதினாலும் அப்படியே: வில்லின் ஆற்றலையும் புவியீர்ப்பு நிலை ஆற்றலையும் கூட்டினால், சமநிலையிலிருந்து அளந்த தூரத்தின் வர்க்கமும் ஒரு மாறிலியும் மட்டுமே மிஞ்சும். கூட்டிப் பாருங்கள், குறுக்கே வரும் உறுப்பு சமநிலை நிபந்தனையாலேயே ரத்தாகிவிடும்.

ஆனால் சில நூல்களில் அலைவு நேரம் = 6.28 × √(தொங்கல் நீட்சி ÷ புவியீர்ப்பு முடுக்கம்) என்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அது சரியும்கூட: 0.0245 ÷ 9.8 = 0.0025, வர்க்கமூலம் 0.05, விடை மறுபடி 0.314. இதை வைத்து நிலவுக்குப் போனால் அலைவு நேரம் கூடும் என்று முடிவு கட்டினால் மோசம் போவீர்கள். நிலவில் ஈர்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, தொங்கல் நீட்சியும் ஆறில் ஒரு பங்கு, விகிதம் மாறவில்லை. சுருள்மாறிலி தெரியாதபோது அதை அளவுகோலால் கண்டுபிடிக்கும் குறுக்குவழி அது, அவ்வளவே.

எடையே இல்லாத இடத்திலும் இது வேலை செய்யும் என்பதற்கு நேரடிச் சான்று உண்டு. 1973-ல் அமெரிக்காவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் விண்வெளி வீரர்களின் உடல் நிறையை அளக்க வேண்டியிருந்தது. மிதக்கும் மனிதரைத் தராசில் நிறுத்த முடியாது. வில்லியம் தார்ன்டன் வடிவமைத்த கருவியில் வீரர் ஒரு நாற்காலியில் தன்னைக் கட்டிக்கொண்டு உட்காருவார், வில்கள் நாற்காலியை முன்னும் பின்னும் ஆட்டும், அலைவு நேரத்திலிருந்து நிறை கிடைத்துவிடும். நிறையையும் எடையையும் குழப்பிக்கொள்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. ஊசலை வைத்து அங்கே ஒன்றும் செய்ய முடியாது. ஈர்ப்பு இல்லாவிட்டால் ஊசலுக்கு மீள்விசையே இல்லை.

செங்குத்து வில்லில் இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் நகர மனமில்லை. கல்லைக் கொக்கியில் மாட்டி, கையால் தாங்காமல் சட்டென்று விட்டுவிட்டால் அது 2.45 செ.மீ.யில் நிற்காது, 4.9 செ.மீ. வரை இறங்கும். அங்கே வில்லின் இழுப்பு எடையைப் போல இரு மடங்கு. மெதுவாக இறக்கும்போது புவியீர்ப்பு தரும் ஆற்றலில் பாதியை உங்கள் கை வாங்கிக்கொள்கிறது. கையை எடுத்துவிட்டால் அந்தப் பாதி அலைவாக மாறுகிறது. திடீரென ஏறும் சுமைக்கு இரண்டு மடங்கு வலிமை வைக்க வேண்டும் என்ற பொறியியல் விதிக்கு இதுவே அடிப்படை.

இரண்டாவது ஆய்வகத்தில் தலைகாட்டும் தொல்லை. இழுப்பதற்கென்று செய்த பல வில்களில் சுருள்கள் ஒன்றையொன்று அழுத்தியபடி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். முதல் சிறு சுமைக்கு அவை அசையவே அசையாது. சுமைக்கும் நீட்சிக்கும் வரைபடம் போட்டால் கோடு நேராக இருக்கும், ஆனால் ஆதிப்புள்ளி வழியே போகாது. சோதனையில் பிழை என்று நினைத்துக் கோட்டை வலுக்கட்டாயமாக ஆதிப்புள்ளி வழியே இழுக்கும் மாணவர்கள் உண்டு. வேண்டாம். சாய்விலிருந்து எடுத்த சுருள்மாறிலி சரியானது. தவறாகப் போவது மேலே சொன்ன தொங்கல் நீட்சிக் குறுக்குவழிதான், ஏனென்றால் அளந்த நீட்சி உண்மையில் இருக்கவேண்டியதைவிடக் குறைவாக இருக்கும். அதே வில்லில் வீச்சைக் கூட்டிக்கொண்டே போனால், மேலே வரும்போது சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் கேட்கும். அந்தக் கணத்திலிருந்து அது தனிச்சீரிசை இயக்கம் அல்ல.

வில்லை வெட்டும் சந்தேகத்துக்கு இப்போது நேரடியாகப் பதில் சொல்லலாம். வில்லை 10 நியூட்டனில் இழுத்தால், அதன் ஒவ்வொரு சுருள் வழியாகவும் அதே 10 நியூட்டன் கடந்துபோகிறது. விசையை அவை பங்குபோட்டுக்கொள்வதில்லை, நீட்சியைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. இருபது சுருள் சேர்ந்து 5 செ.மீ. நீண்டால் பத்துச் சுருள் 2.5 செ.மீ. நீளும். அதே விசைக்குப் பாதி நீட்சி என்றால் மாறிலி இரு மடங்கு. அலைவு நேரம் 1.41-ல் வகுபடும். உண்மையில் சுருள்வில் இழுபடும்போது கம்பி நீள்வதில்லை, முறுக்கிக்கொள்கிறது. அதனால்தான் எஃகு போன்ற விறைப்பான உலோகத்தில் இவ்வளவு தாராளமான நீட்சி கிடைக்கிறது. கம்பியின் தடிமனை இரட்டித்தால் சுருள்மாறிலி 16 மடங்காகும், சுருளின் விட்டத்தை இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகக் குறையும். கடையில் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு வில்கள் கையில் எடுத்தால் முற்றிலும் வேறாக இருப்பதற்குக் காரணம் இந்த நான்காம் அடுக்குதான்.

பல வில்களைச் சேர்க்கும் தொடரிணைப்பு, பக்க இணைப்புச் சூத்திரங்களை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். வழுவழுப்பான மேசையில் ஒரு கட்டை, இடப்பக்கம் ஒரு வில், வலப்பக்கம் ஒரு வில், இரண்டின் மறுமுனைகளும் சுவர்களில். பார்க்க வரிசையாக இருப்பதால் தொடரிணைப்பு என்று எழுதிவிடுவார்கள். கட்டையை ஒரு சென்டிமீட்டர் தள்ளினால் ஒரு வில் ஒரு சென்டிமீட்டர் நீள்கிறது, மற்றது ஒரு சென்டிமீட்டர் சுருங்குகிறது, இரண்டும் ஒரே திசையில் கட்டையைத் திருப்புகின்றன. இடப்பெயர்ச்சி பொது என்றால் பக்க இணைப்பு, மாறிலிகளைக் கூட்ட வேண்டும். விசை பொது என்றால் தொடரிணைப்பு. படத்தைப் பார்க்காதீர்கள், எது பொது என்று கேளுங்கள்.

இதுவரை வில்லுக்கு நிறையே இல்லை என்று பாவித்தோம். அதற்கும் நிறை உண்டு, அதுவும் ஆடுகிறது. மேல் முனை அசையாது, கீழ் முனை கல்லின் வேகத்தில் ஓடும், நடுவிலுள்ள சுருள் பாதி வேகத்தில். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் எல்லாவற்றையும் கூட்டினால் வில்லின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு கல்லோடு சேர்ந்ததுபோல ஆகும். ஆய்வகத்தில் அலைவு நேரத்தின் வர்க்கத்தை நிறைக்கு எதிராக வரைந்தால் கோடு ஆதிப்புள்ளிக்குச் சற்று மேலே போகும், பின்னோக்கி நீட்டினால் நிறை அச்சை எதிர்ப்பக்கம் வெட்டும். வெட்டும் தூரம்தான் அந்த மூன்றில் ஒரு பங்கு. வில்லைத் தனியே நிறுத்துப் பார்த்துச் சரிபார்க்கலாம். பள்ளிச் சோதனைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. கல்லே இல்லாமல் வெறும் வில் தொங்கி ஆடினால் அந்தப் பங்கு 0.33 அல்ல, 0.405. அப்போது சுருள்களின் வேகம் மேலிருந்து கீழாகச் சீராகக் கூடுவதில்லை, வில் முழுவதும் கால் அலைநீளமாக ஆடுகிறது.

தடையுறு அலைவு, அதாவது தடையால் வீச்சு மெல்ல மெல்லக் குறையும் அலைவு, பற்றியும் சொல்லிவிடுகிறேன். காற்றுத் தடை போல வேகத்துக்கு நேர்விகிதமான தடையில் வீச்சு ஒவ்வொரு அலைவிலும் அதே விகிதத்தில் சுருங்கும். பத்து அலைவுகளில் வீச்சு பாதியாகிவிடுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், அலைவு நேரம் கூடுவது 0.006 சதவீதம் மட்டுமே. கைக்கடிகாரத்தால் அளக்கவே முடியாது. மேசைமீது உரசும் கட்டைக்கு நிலைமை வேறு: உராய்வு விசை மாறாது, ஆகவே ஒவ்வொரு அலைவிலும் வீச்சு ஒரே அளவு குறையும், இறுதியில் கட்டை பெரும்பாலும் நடுவில் நிற்காமல் சற்றுத் தள்ளி நின்றுவிடும். ஆனால் அலைவு நேரம் துளியும் மாறாது. மாறாத விசை கோட்டின் சாய்வைத் தொடாது என்று புவியீர்ப்பில் பார்த்தோமே, அதே கதை. போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறுபக்கமும் சமநிலை இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

கடைசியாக, வில்லே இல்லாத இடங்களிலும் ஏன் இந்தச் சூத்திரம் வருகிறது என்பது. நிலை ஆற்றலை இடத்துக்கு எதிராக வரைந்தால் சமநிலை இருக்கும் இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். எந்தப் பள்ளமாக இருந்தாலும் அதன் அடியில் மிக நெருங்கிப் பார்த்தால் பெரும்பாலும் பரவளையம்தான், பரவளையத்தின் சரிவு, அதாவது விசை, நேர்கோடு. ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறில் இரண்டு அணுக்களுக்கு இடையேயான பிணைப்பின் மாறிலி ஏறத்தாழ 500 நியூட்டன்/மீட்டர். நம் மேசை வில்லோடு ஒப்பிடத்தக்க எண்! நிறை மட்டும் மிகமிகச் சிறியது என்பதால் அதிர்வெண் வினாடிக்கு சுமார் 9 × 10¹³ ஆகிறது, அந்த மூலக்கூறு அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும் இடமும் அதுவே.

‘பெரும்பாலும்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மேலே சொன்ன இரு வில் கட்டையையே எடுங்கள். வில்கள் இயல்பு நீளத்தில், இழுவிசை இல்லாமல் இருக்கட்டும். கட்டையை வில்களின் போக்கில் தள்ளினால் தனிச்சீரிசை இயக்கம். குறுக்கே தள்ளிப் பாருங்கள். வில்கள் சிறிதளவே நீளும், அந்த நீட்சி தள்ளிய தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்த விசையிலும் கட்டையைத் திருப்பும் திசையில் கிடைப்பது ஒரு சிறு கூறு. முடிவில் மீள்விசை தூரத்தின் மும்மடியைப் பொறுத்து அமைகிறது. வில்லின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு குறுக்கே நகர்த்தினால் மீள்விசை, அதே தூரம் நெடுக்கே நகர்த்தினால் வருவதில் 200-ல் ஒரு பங்குதான். பரவளையம் இங்கே இல்லை, பள்ளத்தின் அடி அதைவிடத் தட்டையானது. அதே கட்டை, அதே வில்கள். ஒரு திசையில் அலைவு நேரம் வீச்சைப் பொருட்படுத்தாது, மறு திசையில் வீச்சைப் பாதியாக்கினால் அலைவு நேரம் இரு மடங்காகும். சுவர்களைச் சற்று விலக்கி வில்களில் கொஞ்சம் இழுவிசை ஏற்றிவிட்டால் குறுக்குத் திசையிலும் சிறு வீச்சுகளுக்கு நேர்கோடு திரும்பிவிடும். அப்போது அந்தத் திசையின் சாய்வை முடிவு செய்வது சுருள்மாறிலி அல்ல, இழுவிசையை நீளத்தால் வகுத்த எண்ணின் இரு மடங்கு. இழுத்துக் கட்டிய தந்தியின் அதிர்வெண் இழுவிசையோடு ஏறுவதும் இதே வழியில்தான்.